பழைய மிஷன் கோயிலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: வட ஆற்காட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று நான்கு மாவட்டங்களாக இருப்பது 1989 வரை ஒரே வட ஆற்காடு மாவட்டம். இந்தப் பரப்பில் நூறு வயதைத் தாண்டிய கத்தோலிக்கக் கோயில்கள் இருக்கின்றன. நூற்றாண்டு விழா, நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு விழா என்று வரும்போது இப்படிப்பட்ட கோயில்களைப் புதுப்பிப்பது வழக்கம். சில இடங்களில் சுண்ணாம்புக் காரையைச் சுண்ணாம்பாலேயே செப்பனிட்டுப் பழைய உருவத்தை மீட்டிருப்பார்கள். சில இடங்களில் டைல்ஸும் எமல்ஷனும் எல்லாவற்றையும் மூடியிருக்கும். பெரும்பாலான கோயில்களில் இரண்டும் கலந்தே கிடக்கும். பத்து நிமிஷத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே வருகிறவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது. ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் கட்டடத்தில் பழையது எது, பிறகு வந்தது எது, எது ஏன் கெட்டது என்று நீங்களே சொல்லிவிடலாம். அதற்கான வழிமுறை இது. கத்தோலிக்கர் அல்லாதவர்களையும் மனதில் வைத்தே எழுதியிருக்கிறோம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு

நான்கு கட்டங்களை நினைவில் வைத்தால் போதும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு சேசு சபை (இயேசு சபை) குருக்கள் ‘கர்நாடக மிஷன்’ என்ற பெயரில் இந்தப் பக்கம் வந்தார்கள். காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, சந்நியாசிகளைப் போல வாழ்ந்தவர்கள் அவர்கள். 1773-இல் ரோமாபுரி சேசு சபையைக் கலைத்தது. 1776-இல் புதுச்சேரி மிஷன் பாரிஸ் வேதபோதக சபையின் பொறுப்புக்கு வந்தது. இங்குள்ள பழைய கோயில்களில் நீங்கள் பார்க்கும் கூர்முனை வளைவுகளும் உயர்ந்த கோபுரமும் பெரும்பாலும் அந்தப் பிரெஞ்சுக் குருக்கள் காலத்து ரசனை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஏராளமான கிராமத்து மக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஓலைக்கொட்டகையாக இருந்தவை அதன்பிறகுதான் கல்லும் செங்கலுமாக எழுந்தன. திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டில் பிரெஞ்சுக் குருவான தாராஸ் சாமியார் நிலைநிறுத்திய லூர்து மாதா கோயில் இந்த அலையின் பெரிய அடையாளம்.

1928-இல் சென்னை உயர்மறைமாவட்டம், தோன் போஸ்கோ தொடங்கிய சலேசிய சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதையொட்டி வட ஆற்காட்டுப் பணியும் அவர்கள் கைக்கு வந்தது. 1952 நவம்பர் 13-ஆம் தேதி வேலூர், தனக்கென ஓர் ஆயர் (பிஷப்) உள்ள தனி மறைமாவட்டமானது. விண்ணேற்பு அன்னை ஆலயம் அதன் பேராலயம், அதாவது ஆயரின் தலைமைக் கோயில்.

எந்தக் கோயில் யாருடையது

புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இதுதான். வேலூர் கோட்டைக்குள் இருக்கும் 1846-ஆம் ஆண்டின் தூய யோவான் ஆலயம் கத்தோலிக்கக் கோயில் இல்லை. அது கும்பினிக் காலத்து ஆங்கிலிக்கன் ஆலயம், இன்று சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). அதேபோல ‘ஆற்காடு மிஷன்’ என்று பலகையில் கண்டால் அது ஸ்கடர் குடும்பத்தார் தொடங்கிய அமெரிக்கச் சீர்திருத்தச் சபை மிஷன். சி.எம்.சி. மருத்துவமனையின் வேரும் அந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறது. சிகிச்சைக்காக வந்து நாட்கணக்கில் தங்குகிறவர்கள் “மிஷன் கோயில் எங்கே?” என்று ஆட்டோக்காரரிடம் கேட்டால் எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோய் விடுவார். “ஆர்.சி. கோயில்” அல்லது “மாதா கோயில்” என்று கேளுங்கள், குழப்பம் வராது.

உள்ளே போனதும் உறுதிசெய்துகொள்ளலாம். பீடத்துக்குப் பின்னாலோ பக்கத்திலோ பூட்டிய சிறு பேழையும் அதன் அருகே எப்போதும் எரியும் சிவப்பு விளக்கும் இருந்தால் அது கத்தோலிக்கக் கோயில். சுவரில் 14 சிலுவைப்பாதைப் படங்களும் சுற்றிலும் சுரூபங்களும் (புனிதர்களின் சிலைகளும்) இருக்கும். சி.எஸ்.ஐ. ஆலயங்களில் சுரூபம் வைக்கும் வழக்கம் கிடையாது.

நாளும் நேரமும்

பங்கு அலுவலகத்துக்கு முதல் நாளே போன் செய்யுங்கள் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள கோயிலும் அதைச் சேர்ந்த மக்களும்தான் பங்கு). மூன்று கேள்விகள் போதும்: நாளை பூசை எத்தனை மணிக்கு, கல்யாணமோ அடக்கமோ இருக்கிறதா, பகலில் கோயில் திறந்திருக்குமா. நகரத்துக் கோயில்களை விடுங்கள். கிராமத்துப் பங்குகளில் காலைப் பூசை முடிந்ததும் கதவைப் பூட்டிவிட்டு மாலை ஜெபமாலைக்குத்தான் மறுபடி திறப்பார்கள். சாவி உபதேசியாரிடமோ (மறைக்கல்வி சொல்லித்தருபவர்) சக்ரிஸ்தனிடமோ (கோயில் பணியாள்) இருக்கும். பகல் 12 மணிக்கு மேல் போய் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவது நியாயமில்லை. விடியற்காலையில் மணியடித்தவர்கள் அவர்கள்.

வாரநாளில் காலைப் பூசை முடியும் நேரத்துக்குப் போய்ச் சேர்வதே நல்லது. கதவு திறந்திருக்கும், குருவானவர் வெளியே வந்து நாலு பேரிடம் பேசிக்கொண்டிருப்பார், வெயிலும் ஏறியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை கட்டடம் பார்க்கிற நேரம் இல்லை.

திருவிழாவா கட்டடமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க நினைத்தால் இரண்டுமே சரியாக வாய்க்காது. லூர்து அன்னை திருநாள் பிப்ரவரி 11. விண்ணேற்புத் திருநாள் ஆகஸ்ட் 15. கொடியேற்றம் சுமார் ஒன்பது பத்து நாள் முன்பே நடந்துவிடும். அதிலிருந்து தேர்பவனி வரை கோயில் முழுக்க சீரியல் விளக்கும் தோரணமும் பந்தலுமாக இருக்கும். பக்திக்கு அதுவே நேரம். ஆனால் வளைவையும் தூணையும் பார்க்க முடியாது. தவக்காலத்தின் கடைசி நாட்களில் சில கோயில்களில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடிவைப்பார்கள். பெரிய வெள்ளியன்று பூசையே கிடையாது, பேழை திறந்து காலியாகக் கிடக்கும். அதைப் பார்த்துக் கோயில் கைவிடப்பட்டதோ என்று நினைத்துவிடாதீர்கள்.

பருவம் என்றால் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும், செருப்பைக் கழற்றிவிட்டு வெளிச்சுற்றில் நிற்கவே முடியாது. ஆனால் கட்டடத்தின் நோய்களைப் பார்க்க விரும்புகிறவர் வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு, டிசம்பர் தொடக்கத்தில் போக வேண்டும். எங்கே ஒழுகுகிறது, எங்கே ஓதம் ஏறுகிறது என்பதைச் சுவரே காட்டும்.

போகும் வழி

வேலூர்ப் பேராலயம் நகருக்குள்ளேயே இருப்பதால் காட்பாடியில் ரயில் இறங்கி பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போய்விடலாம். சேத்துப்பட்டு போக வேலூரிலிருந்து ஆரணி போய் அங்கே பஸ் மாறுவது எளிது. காட்பாடி – விழுப்புரம் ரயில் பாதையில் வருகிறவர்கள் போளூரில் இறங்கி வந்தவாசி சாலையில் பஸ் பிடிக்கலாம். எந்த வழியாக வந்தாலும் வேலூரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஆகவே காலை உணவுக்கு முன்பே கிளம்புங்கள்.

கையில் என்ன வேண்டும்? தண்ணீர், சின்ன டார்ச், நோட்டு, பேனா. பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கோபுர உச்சியிலும் கூரை ஓரத்திலும் இருப்பதைத் தரையில் நின்றே பார்க்க அதைவிட நல்ல கருவி இல்லை. தோளும் முழங்காலும் மூடிய உடை. பெண்கள் தலையில் முக்காடு போடுவது இங்கே பெரியவர்களின் வழக்கம், கட்டாயம் இல்லை. ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும்.

வெளியே ஒரு முழுச் சுற்று

உள்ளே போகும் ஆவலை அடக்கிக்கொண்டு முதலில் கட்டடத்தை வெளியே ஒருமுறை சுற்றி வாருங்கள். கதை பாதி அங்கேயே இருக்கிறது.

முகப்பில் நின்று திசையைப் பாருங்கள். பீடம் கிழக்கிலும் வாசல் மேற்கிலும் இருப்பது பழைய மரபு. நம் பக்கத்தில் சாலைக்கும் ஊருக்கும் ஏற்றபடி மாற்றியும் கட்டியிருக்கிறார்கள். மேற்குப் பார்த்த முகப்பு என்றால் மாலை 4 மணிக்கு மேல்தான் வெளிச்சம் அதில் நன்றாக விழும். படம் எடுக்கும் நேரத்தை இதை வைத்தே முடிவு செய்யலாம்.

அடுத்தது கல்வெட்டு. அடிக்கல் நாட்டிய கல், ஆயர் அர்ச்சித்த (புனிதப்படுத்திய) கல், புதுப்பித்த கல் என்று இரண்டு மூன்று பதிந்திருக்கும். புதுக் கிரானைட் பலகையில் பெரிய எழுத்தில் உள்ளதை எல்லாரும் படிப்பார்கள். நீங்கள் வாசல்படிக்குப் பக்கத்திலும் மூலைக்கல்லிலும் தேடுங்கள். பெயின்ட் அடித்து அடித்து மழுங்கிப்போன லத்தீன் எழுத்தும் ரோமன் எண்ணும் அங்கேதான் கிடைக்கும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். சாக்பீஸ் தேய்ப்பது, தண்ணீர் ஊற்றுவது, சுரண்டுவது கூடவே கூடாது.

இனி சுவர். இதில் நிதானம் வேண்டும், ஏனென்றால் புதுப்பித்தல் நன்றாக நடந்ததா என்பதைச் சொல்வது சுவர்தான். அந்தக் காலத்துக் கோயில் சுவர் இரண்டு அடி, இரண்டரை அடி கனம். செங்கல்லோ கருங்கல்லோ, இரண்டையும் பிணைப்பது சுண்ணாம்புச் சாந்து. நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டு முதல் மூன்று பங்கு, கடுக்காயும் வெல்லமும் பல நாள் ஊறிய தண்ணீர். இதை அரைவை வட்டத்தில் மாடு கட்டி அரைப்பார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. அதனால்தான் பூசி முடித்த பிறகும் வருஷக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். அது காற்றையும் ஈரத்தையும் விடும் பூச்சு. தரையிலிருந்து ஏறுகிற ஈரம் சுவர் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும்.

இதன்மேல் சிமென்ட் பூசினால் என்ன ஆகும்? சிமென்ட் ஈரத்தை விடாது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் மேல்நோக்கி ஏறும். அதில் கரைந்து வந்த உப்பு, சிமென்டுக்கும் பழைய சுவருக்கும் நடுவே படிகமாகும்போது பூச்சைத் தள்ளும். கொஞ்ச வருஷத்தில் சிமென்ட் தகடு தகடாகக் கழன்று, கூடவே பழைய செங்கல்லின் மேல்தோலையும் பெயர்த்துக்கொண்டு வரும். “நல்ல ஸ்ட்ராங்கா சிமென்ட் போட்டோமே, இருந்தும் ஊறுதே” என்று பங்கு மக்கள் வருந்தும் இடங்களில் காரணம் பெரும்பாலும் இதுதான். நல்ல எண்ணத்தோடு, காணிக்கைக் காசைச் சேர்த்துச் செய்த வேலை. அதைக் குறை சொல்லும் தொனியில் யாரிடமும் பேசாதீர்கள்.

இதைக் கண்டுபிடிக்கத் தரையிலிருந்து மூன்று அடி வரையுள்ள சுவரைக் கவனியுங்கள். வெள்ளையாகப் பூத்த உப்பு, உப்பிய பெயின்ட், அலையலையான ஒரு கறைக்கோடு இருந்தால் ஈரம் மாட்டிக்கொண்டிருக்கிறது. விரல் கணுவால் மெல்லத் தட்டுங்கள். கெட்டிச் சத்தம் வந்தால் பூச்சு சுவரோடு ஒட்டியிருக்கிறது. ‘டொப்’ என்று வெற்றுச் சத்தம் வந்தால் பின்னால் கழன்றுவிட்டது. மறைவான ஓரத்தில் உலர்ந்த விரலை லேசாகத் தேய்த்துப் பாருங்கள். விரலில் வெள்ளைத்தூள் ஒட்டினால் பெரும்பாலும் சுண்ணாம்பு வெள்ளை. ஒன்றும் ஒட்டாமல் வழுவழுவென்று இருந்தால் எமல்ஷன். இரண்டையும் வெளிச்சுவரில் மட்டும் செய்யுங்கள். உள்ளே ஓவியமோ அலங்காரமோ உள்ள சுவரைத் தொடவே வேண்டாம்.

மேலே பாருங்கள். கைப்பிடிச் சுவரின் இடுக்கிலோ கோபுர மடிப்பிலோ அரசங்கன்று முளைத்திருக்கிறதா? பறவை போட்ட விதை அது. இலை இரண்டு அங்குலமாக இருக்கும்போதே வேர் சாந்துக்குள் ஒரு முழம் போயிருக்கும். வெறுமனே பிடுங்கினால் மேல்பகுதிதான் கையோடு வரும், வேர் மறுபடி துளிர்க்கும். கண்டால் படமெடுத்துப் பங்கு அலுவலகத்தில் சொல்லுங்கள். கோபுரத்தில் மலைத்தேனீக் கூடு தொங்கினால் அதன் கீழே நிற்காதீர்கள், சத்தம் போடாதீர்கள், சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள்.

மணிக்கோபுரத்தில் ஏற அனுமதி கேட்பதைத் தவிருங்கள். பழைய மரப்படி ஒரு ஆளைத் தாங்கும், பின்னாலேயே நாலு பேர் ஏறினால் தாங்காது. மணிக்கயிற்றை விளையாட்டாக இழுக்கவே கூடாது. நேரம் தவறி மணி அடித்தால் ஊரில் சாவு என்று நினைத்து ஆட்கள் ஓடி வருவார்கள்.

உள்ளே

செருப்பை வெளியே விடுங்கள். வாசலருகே தீர்த்தத் தொட்டி இருக்கும். கத்தோலிக்கர்கள் விரல் தொட்டுச் சிலுவை அடையாளம் வரைவார்கள். மற்றவர்கள் செய்ய வேண்டியதில்லை. போனை சைலன்டில் போட்டுவிட்டு, பின்வரிசையில் ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழகும், யார் ஜெபத்தில் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். அவர்களுக்கும் பீடத்துக்கும் நடுவே குறுக்கே நடக்க வேண்டாம்.

பிறகு கீழிருந்து தொடங்குங்கள். தரை பழையதா புதியதா என்பதைத் தூணின் அடி சொல்லிவிடும். தூணுக்கு அடியில் பீடம்போல அகன்ற ஒரு பகுதி இருக்க வேண்டும். அது பாதி புதைந்து, டைல்ஸ் அதன் கழுத்து வரை ஏறியிருந்தால், பழைய தளத்தைப் பெயர்க்காமலே இரண்டு மூன்று அங்குலம் மேலே புதுத்தளம் போட்டிருக்கிறார்கள். பக்கக் கதவின் அடிப்பலகையைக் குனிந்து பாருங்கள். ரம்பத்தால் அறுத்த தடம் புதிதாக, பெயின்ட் படாமல் இருக்கும். தளம் உயர்ந்ததால் கதவு திறக்காமல் போய், கீழே அறுத்திருக்கிறார்கள். பழைய தளம் என்றால் கடப்பைக்கல், சிவப்புக் காவித்தளம், பூப்போட்ட சிமென்ட் ஓடு இவற்றில் ஒன்றாக இருக்கும். தரையில் பெயர் வெட்டிய கல் இருந்தால் அது குருவின் கல்லறை. அதன்மேல் நிற்காதீர்கள், நாற்காலி போடாதீர்கள்.

கூரை மூன்று விதம். செங்கல் வளைவு மாடம், மங்களூர் ஓடு வேய்ந்த மரச்சட்டம், மெட்ராஸ் டெரஸ். மெட்ராஸ் டெரஸில் தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தாகச் சாய்வாட்டில் அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் சுமார் நான்கு அங்குலக் கனத்துக்குச் செங்கல்ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, நாட்கணக்கில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்து இறுக்குவார்கள். அண்ணாந்து பார்த்தால் உத்தரங்களுக்கு நடுவே செங்கல்வரிசை சாய்வாகத் தெரியும். ஜிப்சம் பால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஒன்றும் தெரியாது. சீலிங்கில் பழுப்பு வட்டம் மட்டும் தெரிந்தால் மேலே ஒழுகுகிறது. இப்படி மூடிய கூரைதான் அபாயம். உத்தரத்தின் நுனி சுவருக்குள் நுழையும் இடத்தில் ஈரம் பட்டு இற்றுப்போவதை யாரும் பார்க்க முடியாது.

பீடப்பகுதியில் பெரும்பாலும் இரண்டு பீடங்கள் இருக்கும். பின்சுவரோடு ஒட்டி, படிப்படியாக உயர்ந்து, மாடங்களில் சுரூபங்களோடு நிற்பது பழையது. முன்னால் மேஜைபோலத் தனியே நிற்பது, 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்தது. அதற்கு முன்பு குருவானவர் மக்களைப் போலவே பீடத்தைப் பார்த்து நின்று லத்தீனில் பூசை வைப்பார். பிறகு மக்களைப் பார்த்து, தமிழில். அந்த மாற்றத்தின்போது நற்கருணை (பூசையில் தரும் அப்பம்) வாங்க முழங்காலிடும் கிராதியைப் பல கோயில்களில் எடுத்துவிட்டார்கள். அது நின்ற இடத்தில் தரையில் வரிசையாகச் சிறு குழிகளோ வேறு நிறக் கல்லோ தென்படலாம். கயிறோ கதவோ இல்லாவிட்டாலும் பீடப்படிக்கு மேல் ஏற வேண்டாம்.

சுரூபங்களை வைத்துக் காலம் சொல்வது, பழகினால் சுலபம். லூர்து மாதா காட்சி நடந்தது 1858-இல். ஆகவே லூர்து கெபி (மாதாவை வைத்த குகை) எங்கிருந்தாலும் அந்த வருஷத்துக்குப் பிந்தியது. குழந்தை இயேசுவின் தெரசாளுக்குப் புனிதர் பட்டம் 1925, தோன் போஸ்கோவுக்கு 1934, அருளானந்தருக்கு 1947, தேவசகாயத்துக்கு 2022. தோன் போஸ்கோவும் சகாய மாதாவும் முக்கிய மாடங்களில் இருந்தால் சலேசியர் கை பட்ட கோயில் என்று ஊகிக்கலாம். சூசையப்பர், லூர்து மாதா, திருஇருதய ஆண்டவர் மூவரும் பழைய பீடத்து மாடங்களில் மரச்சுரூபமாக இருந்தால் பிரெஞ்சுக் குருக்கள் காலத்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். மரமா, சாந்தா, பைபரா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், தட்டிப் பார்க்காதீர்கள். பழைய சுரூபத்தின் முகம் பளபளவென்று எனாமல் பெயின்டில் மின்னினால், ஒவ்வொரு திருவிழாவுக்கும் மேல்மேலே அடித்திருக்கிறார்கள். அடியில் உள்ள பழைய வண்ணம் இன்னும் பத்திரமாக இருக்கக்கூடும். நல்ல கைவினைஞர் கிடைத்தால் மீட்கலாம்.

சுவரில் இன்னொன்று தேடுங்கள். ஆயர் எண்ணெய் பூசி அர்ச்சித்த கோயில் என்றால் பழைய வழக்கப்படி சுவரைச் சுற்றி 12 சிலுவைக் குறிகள் இருக்க வேண்டும். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, சிறு வட்டத்துக்குள் சிலுவை, சில இடங்களில் மெழுகுவர்த்தித் தாங்கியோடு. புதுப்பிக்கும்போது முதலில் பெயின்டுக்குள் மறைவது இவைதான். ஒன்று கண்டுவிட்டால் மற்றவற்றை எண்ணி விடலாம், எதிர்ச்சுவரில் நேருக்கு நேர் இருக்கும்.

வண்ணக் கண்ணாடியா, வண்ணக் காகிதம் ஒட்டிய கண்ணாடியா என்று பார்க்கவும் தெரிந்துகொள்ளுங்கள். உண்மையான வண்ணக் கண்ணாடியில் ஒவ்வொரு நிறமும் தனித்துண்டு. துண்டுகளை ஈயப்பட்டை பிணைத்திருக்கும். ஒட்டுக் காகிதத்தில் கோடும் அச்சிட்டதாக இருக்கும், ஓரங்களில் குமிழ் விட்டுச் சுருண்டிருக்கும்.

பூசை நடந்தால்

நீங்கள் போன நேரத்தில் பூசை தொடங்கிவிட்டால் வெளியேற வேண்டியதில்லை. பின்வரிசையில் இருங்கள். மற்றவர்கள் எழும்போது எழுங்கள், உட்காரும்போது உட்காருங்கள், முழங்காலிடும்போது அமைதியாக உட்கார்ந்திருந்தால் போதும். நற்கருணைக்கு வரிசை நகரும்போது கத்தோலிக்கர் அல்லாதவர்கள் இடத்திலேயே இருங்கள். பிரசாதம்போல எல்லாருக்கும் தருவது என்று எண்ணி வரிசையில் நின்று, வாங்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வது பெரிய மனவருத்தத்தை உண்டாக்கும். அவர்களுக்கு அது ஆண்டவரின் உடல். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் இடத்தின்) பக்கத்தில் ஆள் நின்றால் நாலடி தள்ளிப் போங்கள்.

படம் எடுக்க

குருவானவரிடமோ அலுவலகத்திலோ கேட்டுவிட்டு எடுங்கள். பொதுவாக யாரும் மறுப்பதில்லை. பிளாஷ் வேண்டாம், டிரைபாடுக்குத் தனியாகக் கேளுங்கள், டிரோனுக்குக் கோயில் அனுமதி மட்டும் போதாது. ஜெபிக்கிறவர்களின் முகத்தையும் கல்லறைத் தோட்டத்தில் புதுக் கல்லறைகளையும் எடுக்காதீர்கள். உள்ளே நடந்துகொண்டே பேசி வீடியோ எடுப்பதை விட்டுவிடுங்கள். பேச்சை வெளியே தனியாகப் பதிவு செய்து சேர்த்துக்கொள்ளலாம்.

கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள் அதற்கென்று உள்ள தட்டில்தான் ஏற்ற வேண்டும். மெழுகு கல்லில் இறங்கினால் எடுப்பது கடினம், புகை சுண்ணாம்புப் பூச்சில் ஏறிக் கருக்கும். தொட்டிலும் பூட்டும் கட்டுவதற்கு இரும்புக் கிராதி ஒதுக்கியிருந்தால் அங்கே கட்டுங்கள், பழைய மரக்கிராதியில் வேண்டாம்.

யாரிடம் என்ன கேட்பது

குருவானவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுவார்கள். கட்டடத்தின் நினைவு உபதேசியாரிடமும், அறுபதைத் தாண்டிய பங்கு மக்களிடமும், கொத்தனாரிடமும் இருக்கிறது. “இது எந்த வருஷம் கட்டியது?” என்று தொடங்கினால் பலகையில் உள்ளதையே சொல்வார்கள். “உங்க கல்யாணத்தப்போ இங்க தரை எப்படி இருந்துச்சு?” “பழைய பீடத்துப் பலகை எங்க போச்சு?” “மழைக்கு எந்த மூலை ஒழுகும்?” என்று கேளுங்கள். எழுந்து வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.

முன்னோரின் ஞானஸ்நானப் பதிவைத் தேடி வருகிறவர்கள் பதிவேட்டைப் புரட்டக் கேட்காதீர்கள். அதில் மற்றக் குடும்பங்களின் அந்தரங்கமும் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், ஊர், உத்தேச வருஷம் இவற்றை எழுதிப் பங்குத்தந்தைக்குக் கொடுங்கள். பழைய ஏடுகளில் பெயர்கள் லத்தீன் உருவில் இருக்கக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். வீட்டில் ராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் அங்கே பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேப்புஸ். கிளைக்கிராமமாக இருந்து பின்னால் தனிப்பங்கானது என்றால் பழைய ஏடு தாய்ப்பங்கில் இருக்கும். அங்கே விசாரிக்க வேண்டும்.

பணம் கொடுக்க விரும்பினால் உண்டியலில் போடுங்கள், அல்லது அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். பராமரிப்புக்கென்று குறிப்பிட்டுச் சொல்லலாம். பெயின்ட் அடிக்கக் கொடுப்பதைவிட, மழைக்கு முன் மாடித் தண்ணீர்க் குழாயைச் சுத்தம் செய்யவும் கன்றுகளை வேரோடு எடுக்கவும் கொடுத்தால் கட்டடத்துக்கு அதிக ஆயுள். கூரையில் தேங்கும் தண்ணீர்தான் பழைய கோயில்களைச் சாய்க்கிறது.

வீட்டுக்கு வந்ததும் எடுத்த படங்களைத் தேதியும் திசையும் எழுதிப் பங்கு அலுவலகத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். ‘வடசுவர், கிழக்கிலிருந்து இரண்டாவது ஜன்னலுக்குக் கீழே’ என்ற அளவுக்குத் தெளிவாக. முழு முகப்பு ஒன்று, நான்கு பக்கமும் ஒவ்வொன்று, பீடம், கூரை, தூணடி, எழுத்துள்ள எல்லாக் கல்லும். அடுத்த முறை சாரம் கட்டும்போது, இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கொத்தனார் கேட்பார். அப்போது காட்டுவதற்கு அவை வேண்டும்.